பெட்டிக்கு வெளியே வைத்த குங்குமம்

நான் விண்வெளி வழக்குகள் நடத்துகிற வக்கீல் என்று சொன்னால் ஸ்ரீரங்கத்தில் ஒருவரும் லேசில் நம்புவதில்லை. கோயிலில் கைங்கர்யம் செய்கிற பக்கத்து வீட்டு மாமா ஒருநாள் காலையில் என்னை வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார். "ஆகாசத்துல யாரு மேல யாரும்மா கேஸ் போடறா? அங்க எல்லாம் பெருமாளோட ராஜ்யம்னா?" என்றார். "மாமா, ஆகாசம் வரைக்கும் போயிடுத்துன்னா கேஸே இல்லை. போக முடியாம கீழயே நின்னுடறது பாருங்கோ, அங்கதான் எனக்கு வேலை" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ உனக்கு வேலைக்குப் பஞ்சமே இருக்காது" என்று சொல்லிவிட்டுச் சந்நிதிக்குக் கிளம்பினார். அவர் வாக்கு அப்படியே பலித்தது.

தொழிலுக்கு வந்த புதிதில் திருச்சி கோர்ட்டில் நான் நடத்தியதெல்லாம் சாதாரண வழக்குகள். வாடகை வீட்டைக் காலி செய்ய மறுக்கிறவர்கள், பஸ் இடித்துக் காலை ஒடித்துக்கொண்டவர்கள், பாகப்பிரிவினையில் கிணறு யாருக்கு என்று அடித்துக்கொள்கிற அண்ணன் தம்பிகள். அங்கிருந்து ராக்கெட்டுக்கு எப்படி வந்தாய் என்று கேட்டால், இரும்பைப் பிடித்துக்கொண்டு வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் கொதிகலன் பாகங்கள் செய்கிற பட்டறைகள் ஏராளம். அவர்கள் அனுப்பிய சரக்கை வாங்கியவர்கள் வெல்டிங் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் வழக்கு வரும். அதை எடுக்க மற்ற வக்கீல்கள் தயங்கினார்கள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து வெல்டிங்கில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமே. நான் பட்டறை பட்டறையாகப் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அந்த நாட்களில் கட்டிய என் காட்டன் புடவைகளில் பொறி பட்டு ஓட்டை விழாதது ஒன்றுகூடக் கிடையாது.

கொதிகலன் வேலை குறைந்தபோது அந்தப் பட்டறைகளில் சில விமான பாகங்களுக்கு மாறின. நானும் கூடவே மாறினேன். பிறகு தனியார் ராக்கெட் கம்பெனிகள் முளைத்தன. பட்டறைகள் அவர்களுக்குக் குழாயும் வளையமும் செய்யத் தொடங்கின. நாற்பது வயதுக்கு மேல் தபால் வழியில் விண்வெளிச் சட்டத்தில் ஒரு டிப்ளமோ எடுத்தேன். பரீட்சை ஹாலுக்குள் நுழைந்தபோது, மேற்பார்வை பார்க்க வந்தவள் என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். நானும் அவர்களைக் கையமர்த்திவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அந்தப் படிப்பில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பெரிய பெரிய சங்கதிகள். நிலா யாருக்குச் சொந்தம், ஒரு நாடு ஏவியது இன்னொரு நாட்டின் தலையில் விழுந்தால் யார் பொறுப்பு என்று பக்கம் பக்கமாகப் படித்தேன். என் கைக்கு வந்த வழக்குகளில் எதுவும் யார் தலையிலும் விழவில்லை. வாஷர் அளவு தப்பு, இன்ஷூரன்ஸ் பாலிசியில் ஒரு வார்த்தை தப்பு, லாரியில் வரும்போது எங்கோ இடித்துக்கொண்டது என்று எல்லாம் தரையிலேயே நடந்தவை. ஆனாலும் இந்த வேலை எனக்கு அலுத்ததே இல்லை. வானத்துக்குப் போகிற ஒரு சாமானை எத்தனை பேர் எத்தனை கவனமாகத் தொட்டுத் தொட்டுச் செய்கிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிற பாக்கியம் வேறு எந்த வக்கீலுக்குக் கிடைக்கும்?

இத்தனை வருஷத்தில் எத்தனையோ விஞ்ஞானிகளையும் நிபுணர்களையும் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். நான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த சாட்சி யார் என்றால், துவாக்குடியில் ஒரு பட்டறையில் இன்ஸ்பெக்டராக இருக்கிற ஒரு பெண்மணிதான். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்து, ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டேன். அவரைப் பற்றி எழுதினால் நான் செய்ததையும் எழுத வேண்டியிருக்கும்.

இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று நினைக்க வேண்டாம். பட்டறையில் செய்து முடித்த சாமானைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிறவர். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். வீடு பழைய டவுனில், காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால். கணவர் வளைகுடாவில் வேலையில் இருந்தார். இவர் தினமும் பஸ் மாறித் துவாக்குடி வந்து, தலைத் துணிக்கு மேல் வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஒரு டார்ச்சும் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியுமாகக் குழாய்களுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். குறை இருந்தால் ஒரு சிவப்பு அட்டையை அதில் கட்டிவிட்டு, "இது பாஸ் ஆகாதுங்க" என்பார். குரல் உயராது. பட்டறை முதலாளியே செய்த சாமானாக இருந்தாலும் அதே சிவப்பு அட்டை, அதே நாலு வார்த்தைக்குள் தீர்ப்பு.

முதலாளி மணப்பாறைக்காரர். வெல்டராக ஆரம்பித்துச் சொந்தப் பட்டறை வைத்தவர். அறுபது வயதிலும் நெற்றியில் பட்டையும் நடுவில் குங்குமமும் அழியாமல் இருக்கும். என் ஆபீசுக்கு எதற்கு வந்தாலும் ஊரிலிருந்து ஒரு பை முறுக்கு வந்துவிடும். "ஃபீஸ் கொஞ்சம் லேட்டாகும் மேடம், இதை வெச்சுக்கங்க" என்று சிரிப்பார். எனக்கு இருந்த கட்சிக்காரர்களில் சண்டை போடத் தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

அவருடைய பட்டறைக்கு ராக்கெட் கம்பெனி ஒன்று முதல் தடவையாக ஆர்டர் கொடுத்தது. எஞ்சினுக்குத் திரவ ஆக்சிஜன் கொண்டு போகிற குழாய்கள். அந்தக் குழாய்க்குள் ஒரு சொட்டு எண்ணெயோ ஒரு சிட்டிகைத் தூசியோ இருக்கக் கூடாது. இருந்தால் தீப்பிடிக்கும், இல்லையென்றால் எங்கேயாவது போய் அடைத்துக்கொள்ளும். அதற்காகப் பட்டறையின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்டு, க்ளீன் ரூம் என்று தூசி புகாத அறை ஒன்றைக் கட்டினார்கள். உள்ளே போகிறவர்கள் தொப்பி, கையுறை, வெள்ளைச் செருப்பு. அந்த அறைக்கு ராணி நம்ம இன்ஸ்பெக்டர்தான்.

இங்கேதான் எங்கள் ஊர் வழக்கம் குறுக்கே வந்தது. சரக்கு பட்டறையை விட்டுக் கிளம்புகிற அன்று சூடம் காட்டி, லாரி டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சாமான் மேல் குங்குமம் வைத்துத்தான் அனுப்புவார்கள். குங்குமம் வைக்காமல் ஒரு கொதிகலன் பாகம் துவாக்குடியைத் தாண்டியதாக எனக்குத் தெரியாது. கொதிகலனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, எரிகிற எரியில் எல்லாம் போய்விடும். ராக்கெட் குழாய்க்கு அது ஆகாது. முதலாளிக்கும் அது தெரியும். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ராக்கெட்டுக்குச் சாமான் அனுப்புகிற மனுஷன், குங்குமம் வைக்காமல் எப்படி அனுப்புவார்? தட்டோடு க்ளீன் ரூம் வாசலில் நின்றுகொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாராம். இதைப் பின்னால் இன்ஸ்பெக்டர்தான் என்னிடம் சொன்னார், சிரிக்காமல்.

இன்ஸ்பெக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. குழாயின் இரண்டு முனைக்கும் மூடி போட்டு, பிளாஸ்டிக் உறை இரண்டு சுற்றி, மரப்பெட்டியில் வைத்து ஆணி அடித்து, பெட்டியை ரோட்டு ஓரத்துக்குக் கொண்டு போகச் செய்தார். "இப்ப வைங்க முதலாளி, பெட்டிக்கு வெளிய மட்டும்" என்றார். முதலாளி தன் கையாலேயே வைத்தார். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு சாமானோடு கூடவே போகிற ஜாப் கார்டில் எழுதினார்: பெட்டியின் மேல்பக்கத்தில் குங்குமம் வைக்கப்பட்டது, பெட்டியை க்ளீன் ரூமுக்கு வெளியே பிரிக்கவும், பிரித்தவர் கையுறையை மாற்றிய பிறகே உறையைத் தொடவும். அதே வாசகத்தை ஒரு தாளில் எழுதிப் பெட்டி மேலும் ஒட்டினார். கீழே கையெழுத்து.

சில மாதம் கழித்து முதலாளி ஆட்டோ பிடித்து ஸ்ரீரங்கத்துக்கு என் ஆபீசுக்கு வந்தார். அன்று கையில் முறுக்கு இல்லை. விஷயம் பெரிது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சினைத் தரையில் கட்டி வைத்துச் சோதிக்கும்போது, அந்தக் குழாயோடு இணைத்த வால்வு பாதியில் சிக்கி எஞ்சின் கருகிவிட்டது என்று ராக்கெட் கம்பெனி நோட்டீஸ் அனுப்பியிருந்தது. வால்வில் இருந்த பொடியைச் சோதித்துப் பார்த்ததில் மஞ்சளும் சுண்ணாம்பும் இருந்ததாம். குங்குமம் என்றால் அதுதானே. அழுக்கான சாமானைச் சுத்தம் என்று பொய்க் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டீர்கள், நஷ்டத்தைக் கட்டுங்கள், ஒப்பந்தப்படி நடுவர் முன்னால் வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். கேட்ட தொகையைக் கட்டினால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். அதைவிட எனக்குக் கண்ணில் பட்டது "பொய்க் கையெழுத்து" என்ற வார்த்தை. நடுவரும் அப்படித் தீர்ப்பில் எழுதிவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் கையெழுத்தை எந்தப் பட்டறையும் வாங்காது. அவருக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான்.

இது தெரிந்திருந்தும் நான் செய்ததைக் கேளுங்கள்.

வக்கீல்களுக்கு "அப்படியே இருந்தாலும்" என்று ஒரு வியாதி உண்டு. என் கட்சிக்காரர் பானையை உடைக்கவில்லை. அப்படியே உடைந்திருந்தாலும் அது ஏற்கெனவே விரிசல் விட்ட பானை. அப்படியே நல்ல பானையாக இருந்தாலும் உடைத்தது அவர் இல்லை, வேலைக்காரர். எல்லா வாசலிலும் ஒரு பூட்டைப் போட்டு வைப்போம், எதிரி எதில் வந்தாலும் தடுக்கலாம் என்று. எனக்கு இந்த வியாதி முற்றிய நிலையில் இருந்தது. அந்த ஒப்பந்தத்தில், நிர்வாகத்துக்குத் தெரிந்து தப்பு நடந்தால் முழு நஷ்டமும், தெரியாமல் ஊழியர் செய்திருந்தால் அதில் ஒரு பங்கும் கட்ட வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. அதைப் பார்த்ததும் என் பேனா தானாக ஓடியது. அப்படியே பொடி போயிருந்தாலும், பூஜைக்கு அனுமதி அளித்தவர் இன்ஸ்பெக்டரே, அது அவர் அதிகாரத்துக்கு மீறிய செயல், நிர்வாகம் அவர் சொல்லை நம்பியதைத் தவிர வேறு தவறு செய்யவில்லை என்று பதில் மனுவில் ஒரு பாரா எழுதினேன். அழகான ஆங்கிலம். எழுதி முடித்ததும் எனக்கே நான் ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

முதலாளிக்கு அதைத் தமிழில் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "அந்தப் பொண்ணு பேரை இழுக்க வேண்டாங்க மேடம்" என்றார்.

"பேரே போடலையே. இன்ஸ்பெக்டர்னுதான் போட்டிருக்கு."

"இருக்கிறதே ஒரு இன்ஸ்பெக்டர். படிக்கிறவங்களுக்குத் தெரியாதுங்களா? வேண்டாங்க."

இது ஒரு பாதுகாப்புக்குத்தான், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று சமாதானம் சொன்னேன். எழுந்து வாசல் வரைக்கும் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டவர், திரும்பவும் நின்றார். "அந்த ஒரு பாராவை மட்டும் எடுத்துட முடியாதுங்களா?" என்றார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "கேஸ் நடத்துறது நீங்களா, நானா?" என்று கேட்டுவிட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்தார். சாட்சி சொல்லப் போகிறவர் மனுவைப் படித்திருக்க வேண்டும் என்று நான்தான் வரச் சொன்னேன். முதலாளியும் கூட வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஸ்கேலை வைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் படித்தார். நான் வேறு ஏதோ ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பைக்குள் கையை விட்டு ஒரு சிவப்பு அட்டையை எடுத்து, அந்தப் பக்கத்தில் கட்டி, என் மேஜை மேல் வைத்தார்.

"இந்தப் பக்கம் பாஸ் ஆகாதுங்க மேடம்" என்றார். "அனுமதி கொடுத்தது நான்தான். அது உண்மை. ஆனா யாருக்கும் தெரியாம கொடுக்கலை. முதலாளி கையாலதான் வெச்சார். இதுல வேற மாதிரி வருது."

பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "இது நீங்க சொல்லி எழுதினதா முதலாளி?" என்று கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே நேராக இருந்த காகிதங்களை நேராக்கிக்கொண்டிருந்தேன். என்னைக் காட்டிக்கொடுக்கிற எண்ணமே அவருக்கு வரவில்லை. "கையெழுத்து என்னோடதுதானேம்மா. அப்போ என்னோடதுதான்" என்றார்.

ஒரு வார்த்தை நான் பேசியிருக்கலாம். பேசவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபம்தான். எத்தனை நீதிபதிகள் என் எழுத்தைப் பாராட்டியிருக்கிறார்கள், இதில் ஒரு பட்டறை இன்ஸ்பெக்டர் அட்டை கட்டுகிறாரே என்ற கோபம். "சின்ன விஷயம், எடுத்துடலாம்" என்று சொல்லிப் பாராவை அடித்தேன். இன்ஸ்பெக்டர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கேஸ் முடியற வரைக்கும் இருக்கேன் முதலாளி. என் கையெழுத்து இதுல இருக்கு" என்றார். அதற்குப் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, முதலாளியும் கேட்கவில்லை.

விசாரணை சென்னையில் நடந்தது. காலை ரயிலில் மூன்று பேரும் போனோம். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் நடுவர். எதிர்த்தரப்பு வக்கீல் பெரிய ஆள், அவர் எழுந்து நின்றாலே பாதிச் சாட்சிகளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்ஸ்பெக்டர் தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளாமல், ஜாப் கார்டின் நகலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பூஜைக்கு அனுமதி கொடுத்தது நீங்கள்தானே?" என்று ஆரம்பித்தார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"ஆமாங்க."

"குங்குமம் தூசி என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அனுமதித்தீர்கள்."

"ஆமாங்க. தெரிஞ்சுதான்."

எதிர்த்தரப்பு வக்கீல் நடுவரைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு, "ஏன் தடுக்கவில்லை?" என்று கேட்டார். குறுக்கு விசாரணையில் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் அவர் அதை மறந்துவிட்டார்.

"தடுத்தா எனக்குத் தெரியாம வைப்பாங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆசையா செஞ்ச சாமான், வைக்காம அனுப்ப அவங்களுக்கு மனசு வராது. நான் டீ குடிக்கப் போற நேரம் பார்த்து, குழாய் மேலயே ஒரு பொட்டு வெச்சுடுவாங்க. எனக்குத் தெரிஞ்சு வெச்சா, எங்க வெச்சாங்கன்னு நான் எழுத முடியும். எழுதியிருக்கேன். பெட்டி மேலயும் ஒட்டியிருக்கேன்."

நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தார். எதிர்த்தரப்பினர் தாக்கல் செய்திருந்த படங்களிலேயே, எங்கள் பெட்டி அவர்களுடைய க்ளீன் ரூமுக்கு உள்ளே, அந்தத் தாள் ஒட்டியபடியே திறந்து கிடந்தது. அதுவரை அந்தப் படத்தை யாரும் அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை. நானும்தான்.

நடுவர் தானே ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் பட்டறையிலேயே பொடி உள்ளே போயிருக்க வாய்ப்பே இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமாம்மா?"

சொல்லிவிடு தாயே என்று நான் மனசுக்குள் அவரைக் கெஞ்சினேன். அவர் நடுவர் பக்கம் திரும்பினார். "அப்படிச் சொல்ல முடியாதுங்க ஐயா. மூடி போடறப்ப உள்ளே சுத்தமா இருந்துச்சு. அதை நான் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். மூடியைத் திறக்கறப்ப நான் அங்க இல்லை. நான் பார்க்காததுக்கு நான் கையெழுத்துப் போடறதில்லைங்க."

எத்தனை வருஷமாக எத்தனை சாட்சிகளுக்கு என்னவெல்லாம் சொல்லிக்கொடுத்து அழைத்துப் போயிருக்கிறேன். அந்த நிமிஷத்தில் அத்தனையும் வீண் வேலை என்று பட்டது. நான் எழுதிய அந்தப் பாரா மட்டும் மனுவில் இருந்திருந்தால், அவர் வாயைத் திறந்த அடுத்த வினாடி எங்கள் வழக்கு மண்ணாகியிருக்கும். அவரைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. என்னைப் பார்த்து அப்படி இல்லை.

கம்பெனியின் கோரிக்கை தள்ளுபடி ஆனது. பொய்க் கையெழுத்து என்ற குற்றச்சாட்டுக்கு எந்த ஆதாரமும் இல்லை, இந்தச் சாட்சியின் பேச்சை முழுவதும் நம்புகிறேன் என்று நடுவர் எழுதியிருந்தார். அதைவிட ஆச்சரியம், தோற்ற கம்பெனியே மறுபடி ஆர்டர் கொடுத்தது. அதே இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை. மனுஷர்களைப் பற்றி அவ்வளவு மட்டமாக நினைக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றிய நாட்களில் அதுவும் ஒன்று.

அந்த வாரத்திலேயே முதலாளி மறுபடி ஆட்டோவில் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இன்ஸ்பெக்டர் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார், ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போகிறார் என்றார். "சம்பளம் கூடக் கொடுக்கிறேன்னு சொல்லிப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டுங்க மேடம் கேக்கறது" என்றார். "அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டவன்தானே நான்." அப்போதும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் காவிரிப் பாலம் தாண்டி மார்க்கெட் பக்கம் ஆட்டோவில் போனேன். வழியெல்லாம் என் தலைக்குள் ஒரு வக்கீல் வாதாடிக்கொண்டே வந்தாள். மாற்று வாதம் வைப்பது சட்டப்படி சரி, பாராவை எடுத்தாகிவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை, வழக்கும் ஜெயித்தாகிவிட்டது. வெங்காய லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் அவளுக்குப் பேச நிறைய நேரம் கிடைத்தது. இன்ஸ்பெக்டரின் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கூடத்தில் இரண்டு அட்டைப் பெட்டிகளில் சாமான் கட்டி வைத்திருந்தார்கள். "வாங்க மேடம், உக்காருங்க" என்று உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். "அந்தப் பாராவை எழுதச் சொன்னது உங்க முதலாளி இல்லை. நானாத்தான் எழுதினேன்."

"தெரியும் மேடம்" என்றார். "அவருக்கு அந்த மாதிரி எல்லாம் எழுத வராது."

"தெரிஞ்சுமா போறீங்க?" என்றேன்.

"எழுதினது நீங்க. உங்க வேலை அது. ஆனா அதைக் கேட்டுட்டு, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லாம கையெழுத்துப் போட்டுட்டாரே மேடம். பதினொரு வருஷமா அவர் ஷாப்ல நின்னிருக்கேன். அதுதான் தாங்கலை."

"சொன்னார்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பொண்ணு பேரை இழுக்க வேண்டாம்னார். படிக்கிறவங்களுக்குத் தெரியாதான்னார். செருப்பு மாட்டிக்கிட்டு வெளிய போனவர், அந்த ஒரு பாராவை எடுத்துட முடியாதான்னு நின்னு கேட்டார். கேஸ் நடத்துறது நீங்களா நானான்னு அதட்டித்தான் கையெழுத்து வாங்கினேன்."

"மூணு தடவையா சொன்னார்?"

"மூணு தடவை."

"இதை ஏன் மேடம் அன்னிக்கே சொல்லலை?"

"வெட்கமா இருந்துச்சு" என்றேன். இதைவிடக் கௌரவமான பதில் ஏதாவது கிடைக்குமா என்று உள்ளே தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் இருந்தன. "இப்ப சொன்னதை எழுதித் தந்துடுங்க மேடம்" என்றார். கேலி இல்லை, கோபமும் இல்லை. குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கிற முகம்.

எழுதினேன். தமிழில், நாலைந்து வரி. "அப்படியே இருந்தாலும்" எங்கும் வரவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்து மெதுவாகப் படித்தார்.

"தேதி போடலையே மேடம்" என்றார்.

தேதி போட்டுக் கொடுத்தேன். அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுப் போனை எடுத்தார். "முதலாளி, நான்தான். திங்கக்கிழமை ஷாப்புக்கு வரேன். வெள்ளைக் கையுறை தீர்ந்து போச்சு, வாங்கி வைங்க" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. "முதலாளி, லைன்ல இருக்கீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.